கேச் என்றால் சரியாக என்ன? "கேச் அழி", "தரவை அழி": எதை எப்போது அமுக்குவது?

கற்றுக்குட்டி:

வணக்கம். ஆண்ட்ராய்டு போனில் இடம் தீர்ந்துவிட்டது என்று எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கிறது. அமைப்புகளில் ஓர் ஆப்பைத் திறந்து சேமிப்பகம் பக்கத்துக்குப் போனால் மூன்று கணக்கு காட்டுகிறது: ஆப் 180 எம்பி, தரவு 2.1 ஜிபி, கேச் 940 எம்பி. கீழே இரண்டு பொத்தான்கள்: ஒன்று தரவை அழிக்க, இன்னொன்று கேச் அழிக்க.

கேச் அழித்தால் படம், சாட், லாகின் எதுவும் போகுமா? அழித்தாலும் சில நாளில் மறுபடி நிரம்பிவிடுகிறதே, அப்புறம் எதற்கு அழிப்பது? ஏதாவது வெப்சைட் கோணல்மாணலாகத் தெரிந்தால் "கேச் க்ளியர் பண்ணிப் பாருங்க" என்று எல்லாரும் சொல்கிறார்கள், அது ஏன் வேலை செய்கிறது? கடைசியாக, லேப்டாப் விவரத்தில் "எல்3 கேச் 16 எம்பி" என்று போட்டிருக்கிறது. அதுவும் இதுவும் ஒன்றா? தேடினால் ஒவ்வொரு பக்கமும் "தற்காலிக நினைவகம்" என்று ஒரு வரியோடு முடித்துவிடுகிறது. விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.


எட்டாம்பிட்:

கேச் என்பது நகல். மூலம் வேறோர் இடத்தில் இருக்கிறது, ஒவ்வொரு முறையும் அங்கே போய் எடுத்துவந்தால் நேரமும் டேட்டாவும் ஆகும். அதனால் ஒருமுறை எடுத்ததை மென்பொருள் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்கிறது. "தற்காலிகம்" என்ற சொல் பாதி உண்மையைத்தான் சொல்கிறது. ஒரு கோப்பு மாதக்கணக்கில் கேச்சில் கிடக்கலாம். அதைக் கேச் ஆக்குவது எவ்வளவு நாள் இருக்கிறது என்பதல்ல, தொலைந்தாலும் திரும்ப வரவழைக்க முடியும் என்பதுதான். எனவே எதையும் அழிக்கும் முன் ஒரே கேள்வி: இதன் மூலம் இன்னும் எங்காவது இருக்கிறதா?

இப்போது உங்கள் போனுக்கு வருவோம். ஆண்ட்ராய்டு ஒவ்வோர் ஆப்புக்கும் தனியாக ஒரு கேச் ஃபோல்டர் கொடுக்கிறது. "இங்கே நீ எழுதுவதை எப்போது வேண்டுமானாலும் நான் அழிப்பேன்" என்பதுதான் அந்த ஃபோல்டரின் நிபந்தனை. அதனால் ஒழுங்காக எழுதப்பட்ட ஆப் எதுவும் திரும்பக் கிடைக்காததை அதில் வைக்காது. நீங்கள் பார்த்த படங்களின் நகல், ஓடிய வீடியோவின் துண்டுகள், சிறுபடங்கள், பாதி இறங்கிய கோப்பு போன்றவைதான் அந்த 940 எம்பி. கேச் அழித்தால் லாகின் போகாது, அமைப்பு மாறாது. அடுத்து திறக்கும்போது கொஞ்சம் மெதுவாக இருக்கும், மொபைல் டேட்டா கூடுதலாகச் செலவாகும். அவ்வளவுதான்.

தரவை அழிப்பது முற்றிலும் வேறு. ஆப்பை அப்போதுதான் நிறுவியதுபோல ஆக்கிவிடும். லாகின், அமைப்புகள், ஆஃப்லைனில் இறக்கிவைத்த பாட்டு, வரைபடம், அனுப்பாமல் வைத்திருந்த வரைவு எல்லாம் போகும். கேச்சும் கூடவே போகும். வாட்ஸ்அப்பில் இந்தப் பொத்தானை அமுக்கவே வேண்டாம். உங்கள் சாட் வரலாறு போனுக்குள் இருக்கும் தரவுத்தளத்தில்தான் இருக்கிறது, சேர்ந்துவிட்ட செய்திகளை அவர்களுடைய சர்வர் வைத்திருப்பதில்லை. அழித்தால் எண்ணை மறுபடி சரிபார்த்து, பேக்கப்பிலிருந்து மீட்க வேண்டும். பேக்கப் கடைசியாக எடுத்த நாளுக்குப் பிறகு வந்தவை திரும்பாது.

வாட்ஸ்அப்பில் இடம் தின்பது கேச் அல்ல, மீடியாதான். ஆப்புக்குள்ளேயே அமைப்புகள் → சேமிப்பகமும் தரவும் → சேமிப்பகத்தை நிர்வகி என்று போனால் 5 எம்பிக்கு மேற்பட்ட கோப்புகள், பலமுறை ஃபார்வர்டு ஆனவை எனத் தனித்தனியே காட்டும். அங்கே அழியுங்கள்.

டெலிகிராம் இதற்கு நேர்மாறு. சாட்டும் மீடியாவும் கிளவுடில், அதாவது அவர்களுடைய சர்வரில், இருப்பதால் போனில் கிடக்கும் பல ஜிபி பெரும்பாலும் உண்மையான கேச். அதன் அமைப்புகளில் சேமிப்பகப் பயன்பாடு பக்கத்தில் துணிந்து அழிக்கலாம், எத்தனை நாள் மீடியாவை வைத்திருப்பது என்றும் அங்கேயே குறிக்கலாம். மேலே சொன்ன கேள்வியை மட்டும் மறக்க வேண்டாம். ஒரு சேனலையே அதன் உரிமையாளர் நீக்கிவிட்டால் மூலம் போயிற்று, உங்கள் கேச்சில் இருப்பதுதான் மிச்சம். சீக்ரெட் சாட்டும் கிளவுடில் இருப்பதில்லை. வேண்டிய கோப்பைக் கேலரிக்கோ வேறு ஃபோல்டருக்கோ சேமித்துவிட்டு அழியுங்கள்.

திரும்ப நிரம்புகிறதே என்றால், நிரம்பத்தான் வேண்டும், அதன் வேலையே அது. ஆண்ட்ராய்டு 8 முதல் ஒவ்வோர் ஆப்புக்கும் கேச் ஒதுக்கீடு உண்டு. இடம் குறைந்தால், ஒதுக்கீட்டை அதிகம் மீறிய ஆப்பிலிருந்து சிஸ்டமே அழிக்கத் தொடங்கும். ஆகவே தினமும் கையால் அழிப்பது வெட்டிவேலை. அழித்த 940 எம்பியில் பாதியை மறுநாள் மொபைல் டேட்டாவில் திரும்ப இறக்குவீர்கள். கையால் அழிக்க இரண்டே காரணம்: ஒரு பெரிய அப்டேட்டுக்கு உடனடியாக இடம் வேண்டும், அல்லது ஆப் கோளாறு செய்கிறது. பின்னதில் வரிசை முக்கியம். முதலில் ஃபோர்ஸ் ஸ்டாப் (ஆப்பை முழுதாக நிறுத்துவது), பிறகு கேச் அழிப்பு, பிறகு திறந்து பார்ப்பது. அதிலும் சரியாகாவிட்டால் மட்டும், பேக்கப் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தரவை அழிப்பது.


படித்துறை:

பிரவுசர் பகுதியை எடுத்துக்கொள்கிறேன்.

ஹிஸ்டரி என்பது நீங்கள் போன முகவரிகளின் பட்டியல். குக்கி என்பது வெப்சைட் உங்கள் பிரவுசரிடம் கொடுத்துவைக்கும் சின்னக் குறிப்பு, ஒன்று 4 கேபி அளவுக்குள் இருக்கும், நீங்கள் லாகின் ஆகியிருக்கிறீர்கள் என்பதைத் தளம் அறிவது இதை வைத்துத்தான். கேச் என்பது பக்கத்தின் படம், எழுத்துரு, சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்வது), ஜாவாஸ்கிரிப்ட் (பக்கத்தில் ஓடும் நிரல்) கோப்புகளின் நகல். மூன்றும் ஒரே பெட்டியில் டிக் செய்யக் கிடைப்பதால்தான் குழப்பம். கன்ட்ரோல்+ஷிஃப்ட்+டெலிட் அமுக்கியதும் வரும் அந்தப் பெட்டியில் "தற்காலிகமாகச் சேமித்த படங்கள், கோப்புகள்" என்பதை மட்டும் வைத்து மற்ற டிக்குகளை எடுத்துவிடுங்கள். குக்கியையும் சேர்த்து அழித்தால் பெரும்பாலான தளங்களில் லாகவுட் ஆகிவிடுவீர்கள். சில பிரவுசர்களில் சேமித்த கடவுச்சொற்களும் அதே பட்டியலில் நிற்கும், கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் டிக் செய்துவிடாதீர்கள்.

பக்கம் ஏன் கோணலாகத் தெரிகிறது? தளத்துக்காரர் நேற்று ராத்திரி வடிவமைப்பை மாற்றினார் என்று வையுங்கள். பக்கத்தின் கட்டமைப்பைச் சொல்லும் எச்டிஎம்எல் கோப்பு புதிதாக வருகிறது. சிஎஸ்எஸ் கோப்பின் பெயர் மாறாததால், "இது என்னிடம் இருக்கிறதே" என்று பிரவுசர் பழைய நகலை எடுத்துப் போடுகிறது. புது எலும்புக்கூடு, பழைய சட்டை. மெனு ஒரு பக்கம், படம் ஒரு பக்கம் கிடக்கும். அதற்காக மொத்தக் கேச்சையும் அழிக்கத் தேவையில்லை. கன்ட்ரோல்+எஃப்5 போதும், மேக்கில் கமாண்ட்+ஷிஃப்ட்+ஆர். அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் கேச்சை ஒதுக்கிவிட்டுச் சர்வரிடம் போய்க் கேட்கும். இன்காக்னிட்டோவில் (பழைய கேச்சும் குக்கியும் இல்லாத தனி ஜன்னல்) திறந்து பார்ப்பதும் நல்ல சோதனை. அங்கே சரியாக இருந்தால் குற்றவாளி உங்கள் கேச் அல்லது குக்கி (சிலசமயம் ஏதாவது எக்ஸ்டென்ஷன்). அங்கேயும் கோணல் என்றால் தளத்திலேயே தகராறு, நீங்கள் எதை அழித்தும் பயனில்லை.

எவ்வளவு நேரம் வைத்திருக்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியது சர்வர். கேஷ்-கன்ட்ரோல் என்ற ஹெடரில் (கோப்போடு சர்வர் அனுப்பும் குறிப்பு) மேக்ஸ்-ஏஜ் 3600, அதாவது 3600 வினாடி, என்று அனுப்பினால் ஒரு மணி நேரத்துக்குக் கேள்வி கேட்காமல் நகலைப் பயன்படுத்தலாம். நேரம் கடந்ததும் நகலைத் தூக்கிப் போடாது. அதன் அடையாளக் குறியை, அதாவது இடேக்கை, சர்வரிடம் காட்டி "இன்னும் இதுதானா?" என்று கேட்கும். மாறவில்லை என்றால் 304 என்ற பதில் மட்டும் வரும், கோப்பு வராது.

வேடிக்கை என்னவென்றால், சர்வர் ஒன்றுமே சொல்லாவிட்டாலும் பிரவுசர் கேச் செய்யலாம். அப்போது கோப்பு கடைசியாக மாறிய தேதியைப் பார்த்து ஒரு ஊகம். அதிலிருந்து கடந்த காலத்தில் பத்தில் ஒரு பங்கு என்பது வழக்கமான கணக்கு. 100 நாளாக மாறாத சிஎஸ்எஸ் என்றால் இன்னும் 10 நாள் வரை கேட்காமலே ஓட்டும். "எனக்குச் சரியாகத் தெரிகிறது, உங்களுக்குத் தெரியவில்லையா?" என்று இரண்டு பேர் சண்டை போடுவதன் பின்னணி பல சமயம் இதுதான். ஒருவர் நேற்று வந்தவர், மற்றவர் போன வாரம் வந்தவர்.

தளம் நடத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. அதே ஹெடரில் நோ-கேஷ் என்று போட்டால் கேச் செய்யாது என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியில்லை. "வைத்துக்கொள், ஆனால் ஒவ்வொரு முறையும் என்னிடம் கேட்டுவிட்டுப் பயன்படுத்து" என்பதுதான் அதன் பொருள். வைத்துக்கொள்ளவே கூடாது என்றால் நோ-ஸ்டோர். வங்கிக் கணக்குப் பக்கம் போன்றவற்றுக்கு நோ-ஸ்டோர்தான் போட வேண்டும்.


கற்றுக்குட்டி:

இருவருக்கும் மிக்க நன்றி, தரவு/கேச் வேறுபாடு தெளிந்தது. பிரவுசரில் ஒரு சந்தேகம். ஒரு தளத்துக்குக் கேச்சை மட்டும் டிக் செய்து அழித்தேன், கன்ட்ரோல்+எஃப்5 கொடுத்தேன், புதுப் பக்கம் வந்தது. சாதாரணமாகத் திறந்தால் மறுபடி பழையதே வருகிறது. இது எப்படி?


வாய்க்கால்:

நீங்கள் சொல்லும் அறிகுறி கிட்டத்தட்ட கையெழுத்து மாதிரி: சர்வீஸ் ஒர்க்கர். சில தளங்கள் நெட் இல்லாமலும் இயங்குவதற்காக பிரவுசருக்குள் ஒரு சின்ன நிரலை விட்டுவைக்கின்றன. அது பக்கத்துக்கான கோரிக்கையை இடைமறித்துத் தன்னிடம் உள்ள நகலைக் கொடுக்கிறது. கன்ட்ரோல்+எஃப்5 அந்த ஒரு முறைக்கு மட்டும் அதைத் தாண்டிப் போகும், அடுத்த முறை அது மறுபடி நடுவில் வந்து உட்காரும். நீங்கள் டிக் செய்த "படங்கள், கோப்புகள்" என்பதில் அதன் சேமிப்பு அடங்காது. பெயரில் கேச் இருந்தாலும் அந்தச் சேமிப்பு குக்கியோடு "தளத் தரவு" என்ற கணக்கில்தான் சேர்கிறது.

கணினியில் குரோம் என்றால்: அந்தப் பக்கத்தில் எஃப்12, மேலே அப்ளிகேஷன் டேப், இடப்பக்கம் சர்வீஸ் ஒர்க்கர்ஸ், அங்கே அன்ரிஜிஸ்டர். பிறகு அதே டேபில் ஸ்டோரேஜ் என்பதில் "க்ளியர் சைட் டேட்டா". அந்தத் தளத்தில் மட்டும் லாகவுட் ஆகும், மற்றத் தளங்களுக்கு ஒன்றும் ஆகாது. எஃப்12 திறந்திருக்கும்போது ரீலோடு பொத்தானை அழுத்திப் பிடித்தால் "எம்ப்டி கேச் அண்டு ஹார்டு ரீலோடு" என்ற தேர்வும் வரும். டெவலப்பர்களில் பாதிப் பேருக்கு இது இருப்பதே தெரியாது.

உங்கள் பிரவுசருக்கும் மூலச் சர்வருக்கும் நடுவே வேறு கேச்களும் உண்டு. நீங்கள் அழிப்பது உங்கள் பக்கத்தில் உள்ளதை மட்டும். நடுவில் சிடிஎன் (தளத்தின் நகலைப் பல இடங்களின் சர்வர்களில் வைத்துக் கொடுக்கும் சேவை) இருந்தால் அதன் நகலைத் தளத்துக்காரர்தான் பர்ஜ் செய்ய, அதாவது அழிக்க, வேண்டும். வேர்ட்பிரஸ் மென்பொருளில் இயங்கும் தளத்தில் கேச் ப்ளகின் (துணை நிரல்) இருந்தால் அது தனி, ஹோஸ்டிங்கில் இன்னொன்று இருந்தால் அதுவும் தனி. அழிக்கும் வரிசை மூலத்திலிருந்து தொடங்கி வெளியே வர வேண்டும்: முதலில் ப்ளகின், பிறகு ஹோஸ்டிங், பிறகு சிடிஎன், கடைசியில் பிரவுசர். மாற்றிச் செய்தால் சிடிஎன் காலியானதும் ப்ளகினிடமிருந்து பழைய பக்கத்தையே புதிதென்று வாங்கி வைத்துக்கொள்ளும். "பர்ஜ் பண்ணியும் மாறலை" என்று வரும் புகார்களில் நிறைய இந்த ரகம்.

தளத்தின் பெயரைச் சர்வர் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸிலும் கேச் உண்டு. தளம் புதுச் சர்வருக்கு மாறிய பிறகும் பழைய சர்வருக்கே போகிறது என்றால், முகவரி விடையின் டிடிஎல் (அதை எத்தனை வினாடி வைத்திருக்கலாம் என்ற அளவு) தீரும்வரை காத்திருக்க வேண்டும். டிடிஎல் 86,400 என்றால் ஒரு நாள். தளம் மாற்றுபவர்கள் முந்தின நாளே அதை 300 ஆகக் குறைத்துவிட்டு மாற்றினால் ஐந்து நிமிடத்தில் வேலை முடியும். மாற்றிய பிறகு குறைப்பதால் ஒரு பயனும் இல்லை. ஏற்கெனவே பழைய விடையை வாங்கிப்போனவர்கள் பழைய டிடிஎல்லோடுதான் போயிருக்கிறார்கள்.

படித்துறை சொன்ன சிஎஸ்எஸ் சிக்கலுக்கு நிரந்தர மருந்து ஒன்று இருக்கிறது. கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஹாஷை (ஓர் அடையாளக் குறி) பெயரிலேயே சேர்த்துவிடுவது. உள்ளடக்கம் மாறினால் பெயர் மாறும், பெயர் மாறினால் பிரவுசருக்கு அது புதுக் கோப்பு. அப்படிப்பட்ட கோப்புக்கு மேக்ஸ்-ஏஜ் 31536000, அதாவது ஓராண்டு, கொடுக்கலாம். எச்டிஎம்எல்லுக்கு மட்டும் நோ-கேஷ். எச்டிஎம்எல்லுக்கும் ஓராண்டு கொடுத்துவிட்டால் வம்பு: பயனரின் பிரவுசர் உங்களிடம் கேட்கவே வராது, உங்கள் பக்கமிருந்து அதை மாற்றவும் வழியில்லை.


திண்ணைவாசி:

எல்3 கேள்வியை யாரும் தொடவில்லை. கருத்து ஒன்றே, இடம்தான் வேறு. இங்கே மூலம் ரேம், நகல் ப்ராசசருக்கு உள்ளேயே. 1968-இல் அறிவிக்கப்பட்ட ஐபிஎம் சிஸ்டம்/360 மாடல் 85 என்ற கணினியில் இது வணிக அளவில் வந்தது. ரேமுக்குப் போய்வர ஏறக்குறைய 80 முதல் 100 நானோவினாடி ஆகும். வினாடிக்கு 300 கோடி முறை துடிக்கும் 3 கிகாஹெர்ட்ஸ் ப்ராசசருக்கு அது 240 முதல் 300 துடிப்பு, அத்தனையும் சும்மா நிற்கும் நேரம். எல்1 கேச்சில் இருந்தால் நான்கைந்து துடிப்பில் கிடைத்துவிடும். ஆனால் எல்1 ஒரு கோருக்கு (ப்ராசசருக்குள் தனியாகக் கணக்கிடும் பகுதி) 32 அல்லது 48 கேபி போலத்தான் இருக்கும். அதில் இல்லாவிட்டால் எல்2, அதிலும் இல்லாவிட்டால் கோர்கள் பகிர்ந்துகொள்ளும் எல்3, உங்கள் 16 எம்பி. இதை அழிக்கப் பொத்தானும் இல்லை, தேவையும் இல்லை, எல்லாம் வன்பொருளே பார்த்துக்கொள்ளும்.

நிரல் எழுதுபவருக்கு மட்டும் இது கண்ணில் படும். ப்ராசசர் ரேமிலிருந்து ஒற்றை எண்ணை எடுப்பதில்லை, பெரும்பாலான கணினிகளில் 64 பைட் கொண்ட ஒரு வரியாக எடுக்கிறது. 4096க்கு 4096 அணி (எண்களின் அட்டவணை), ஒவ்வோர் எண்ணும் 4 பைட் என்று வையுங்கள். மொத்தம் 64 எம்பி, எந்த லேப்டாப்பின் எல்1-லும் எல்2-லும் அடங்காது. சி மொழியில் வரிசைவாரியாகக் கூட்டினால் ஒருமுறை எடுத்த வரியில் 16 எண்கள் கிடைக்கும். நெடுக்குவாரியாகக் கூட்டினால் அடுத்த எண் 16,384 பைட் தள்ளி இருக்கும், ஒவ்வோர் எண்ணுக்கும் புது வரி எடுக்க வேண்டும். கூட்டல்களின் எண்ணிக்கை ஒன்றே, ஓடும் நேரம் பல மடங்கு.

எட்டாம்பிட் சொன்ன விதிக்கு ஒரு விலக்கு உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் யாராவது பென்டிரைவைப் பிடுங்கிவிடுவார்கள். படிப்பதற்கான கேச்சில் மூலம் எப்போதும் வேறிடத்தில் இருக்கும். எழுதுவதற்கான கேச்சில் அப்படியில்லை. கோப்பைப் பென்டிரைவுக்கு நகலெடுக்கும்போது சிஸ்டம் அதை முதலில் ரேமில் வாங்கிக்கொண்டு "முடிந்தது" என்று சொல்லிவிடலாம், எழுதுவது பின்னால் நடக்கும். லினக்ஸில் இயல்பான அமைப்பில் 30 வினாடி வரை ரேமிலேயே இருக்கக்கூடும், மெதுவான பென்டிரைவில் பெரிய கோப்பு என்றால் இன்னும் நேரமாகும். அந்த இடைவெளியில் புதிய பதிப்பு இருப்பது கேச்சில் மட்டுமே. அப்போது பிடுங்கினால் கோப்பு பாதியில் நிற்கும், சிலசமயம் ஃபைல் சிஸ்டமே கெடும். எஜெக்ட் கொடுத்துவிட்டு எடுங்கள், டெர்மினல் பழக்கம் உள்ளவர்கள் சிங்க் கட்டளை (மிச்சத்தை உடனே எழுதச் சொல்வது) கொடுக்கலாம். விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு முதல் வெளிச் சேமிப்புக்கு "விரைவாக அகற்றுதல்" என்பதே இயல்பு நிலை, அங்கே ஆபத்து குறைவு. நகல் ஓடிக்கொண்டிருக்கும்போது பிடுங்குவதை எந்த அமைப்பும் காப்பாற்றாது.

ரேம் பற்றி இன்னொன்று. சும்மா இருக்கும் ரேமில் சிஸ்டம் டிஸ்க் கோப்புகளைக் கேச் செய்துவைக்கும். லினக்ஸில் ஃப்ரீ கட்டளை கொடுத்துவிட்டு "ஃப்ரீ" பத்தியில் 300 எம்பிதான் இருக்கிறது என்று பதறுகிறவர்கள் பக்கத்தில் "அவைலபிள்" பத்தியைப் பார்க்க வேண்டும். ஏதாவது நிரல் கேட்டால் சிஸ்டம் கேச்சை உடனே விட்டுக்கொடுக்கும்.


மின்மினி:

நல்ல இழை. விட்டுப்போனவை சில.

"க்ளீனர்", "பூஸ்டர்" ஆப்கள் வேண்டாம். இன்றைய ஆண்ட்ராய்டில் ஓர் ஆப் இன்னோர் ஆப்பின் உள் கேச்சைத் தானாகத் தொட முடியாது. அதனால் அவை அக்சஸிபிலிட்டி அனுமதி கேட்டு, உங்களுக்குப் பதிலாக அமைப்புகளில் அதே பொத்தானை அமுக்குகின்றன. திரை முழுவதையும் படிக்கக்கூடிய அனுமதி அது. கேச் அழிக்க அது பெரிய விலை.

போனை ரெக்கவரியில் (பழுது பார்க்க உதவும் தனித் திரை) திறந்து "வைப் கேச் பார்ட்டிஷன்" செய்யச் சொல்லும் அறிவுரையும் சுற்றுகிறது. அது சிஸ்டத்தின் தனிப் பகுதி, ஆப்களின் கேச் அதில் இல்லை, எனவே இடம் கிடைக்காது. பல புதுப் போன்களில் அந்தப் பகுதியே கிடையாது. பக்கத்து வரியில் "வைப் டேட்டா/ஃபேக்டரி ரீசெட்" நிற்கும், வால்யூம் பொத்தானால் ஒரு வரி தவறினால் போன் மொத்தமும் காலி.

ஐபோனில் ஆப்வாரியாகக் கேச் அழிக்கும் பொத்தான் இல்லை. சஃபாரிக்கு மட்டும் அதன் அமைப்பில் வரலாறும் தளத் தரவும் அழிக்கும் வழி உண்டு. "ஆஃப்லோடு ஆப்" என்பது ஆப்பை மட்டும் நீக்கி அதன் ஆவணங்களையும் தரவையும் வைத்துக்கொள்ளும். தரவு பெருத்துப்போன ஆப்பை முழுவதும் நீக்கி மறுபடி நிறுவ வேண்டும், அதற்கு முன் அதன் கணக்கு கிளவுடில் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கற்றுக்குட்டி, உங்களுக்கு இடம்தான் பிரச்சினை என்றால் கேச்சுக்கு முன் குப்பைத்தொட்டியைப் பாருங்கள். கூகுள் ஃபோட்டோஸில் அழித்தது உடனே போய்விடுவதில்லை. பேக்கப் ஆனவை 60 நாள், ஆகாதவை 30 நாள் தொட்டியில் இருக்கும். கேலரி, ஃபைல்ஸ் ஆப்களிலும் இப்படித் தனித்தனித் தொட்டி இருக்கலாம். அங்கே கிடப்பவை கேச் கணக்கில் வராது, காலி செய்தால் நிரந்தரமாகப் போய்விடும். ஆகவே தொட்டியில் ஒருமுறை விரலோட்டிப் பார்த்துவிட்டுக் காலி செய்யுங்கள். அதன் பிறகு ஃபைல்ஸ் ஆப்பில் டவுன்லோட்ஸைத் திறந்து அளவு வாரியாக வரிசைப்படுத்துங்கள். ஒரே பிடிஎஃப் நான்கு தடவை இறங்கிக் கிடப்பதெல்லாம் அங்கேதான் தெரியும்.